தீவில் நாங்கள் மூடிய கிணறு

பக்கத்து மனையில் நேற்றிலிருந்து போர் போடுகிறார்கள். லாரி வந்து நின்று, குழாயை நட்டு, காது கிழிகிற சத்தத்தோடு பூமிக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். வெள்ளைப் பொடி பறந்து வந்து கொடியில் காயும் துணி, மல்லிச்செடி, என் மூக்கு என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொண்டது. ராமநாதபுரத்தில் இது அன்றாடம் கேட்கிற சத்தம்தான். மகள் செல்லம் சன்னலையெல்லாம் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள். அவள் தெரு முக்குத் திரும்பியதும் நான் திறந்து வைத்துவிட்டேன். சத்தம் எனக்கும் ஆகாது. ஆனால் நடுநடுவே ஒரு வாசம் வருகிறது பாருங்கள், வெயிலே பார்க்காத அடிமண்ணை மேலே அள்ளிப் போட்டால் வருமே, அதை விட மனசில்லை.

மத்தியானம் அந்த மனைக்காரர் லாரிக்காரரிடம் கத்தினார்.

"உப்பா இருக்குய்யா! இன்னும் எறக்கு, இன்னும் எறக்கு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்க, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாய்ச் சிரித்தேன். இதே பேச்சை இதே வேகத்தோடு ஒரு தீவில் நின்று கேட்டிருக்கிறேன். பேசியவர் என் வீட்டுக்காரர். குழிக்குள் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. செல்லத்தின் அய்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுத்து நடந்துதான் வரும். ஓடி வரச் சொன்னால் வராது. அவசரமில்லாதவர்கள் கூட வாருங்கள்.

எங்களுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். மழையை நம்பி நெல், மிளகாய். மழை வந்தால் வரும், வராவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். தண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர். பழுப்பாய் இருக்கும். தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் தேய்த்து வைத்தால் மண்ணெல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மேலே தெளிந்து நிற்கும். கோடையில் ஊருணி காய்ந்தால் அதன் நடுவிலேயே தோண்டுவோம். அதுவும் வற்றினால் இன்னும் தோண்டுவோம். எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்குத் தண்ணீர் இல்லை என்ற சொல்லுக்குத் தெரிந்த ஒரே பதில் மண்வெட்டி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மண்வெட்டிதான் எங்களை உயிரோடு வைத்திருந்தது.

தொடர்ந்து மழை ஏமாற்றிய காலத்தில், கரையோரத்து முதலாளி ஒருவர் தன் தென்னந்தோப்புக்குக் காவல் ஆள் தேடுவதாகச் சாயல்குடிச் சந்தையில் கேள்விப்பட்டு இவர் வந்து சொன்னார். தோப்பு கரையில் இல்லை. கடலுக்குள் ஒரு தீவில் இருந்தது. தனி ஆளை வைத்தால் பயந்து ஓடிவருகிறானாம், பெண்டாட்டி பிள்ளைகளோடு போகிற குடும்பம்தான் வேண்டுமாம். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று அந்தப் பக்கம் தீவுகளுக்குத் தண்ணீரை வைத்தே பேர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போகவேண்டிய தீவு சின்னது. தோப்புத் தீவு என்று மட்டும் சொன்னார்கள், தண்ணீரைப் பற்றிப் பேரில் ஒன்றும் இல்லை. அதை அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை.

என் அண்ணன் கேள்விப்பட்டதும் வேகாத வெயிலில் நடந்தே வந்துவிட்டார்.

"ஆடி அமாவாசைக்கு மாரியூருக்குப் போறோம், கடல்ல முங்குறோம், ஈரத்துணியப் பிழிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வாறோம். அம்புட்டுத்தான் நமக்கும் கடலுக்கும். அங்க போயிக் குடியிருப்பாகளா?"

"போறதுன்னு ஆகிப்போச்சுண்ணே."

"சரி, நீங்க போங்க. பிள்ளைகள என்கிட்ட விட்டுட்டுப் போ. கஞ்சியோ கூழோ, இங்கன குடிக்கட்டும்."

அண்ணன் மனசில் ஒரு துளிக் கெட்டது கிடையாது. அண்ணிக்கும் கிடையாது. ஆனால் நானும் அப்படி வளர்ந்தவள். என்னைப் பெற்றவள் போன பிறகு சித்தப்பா வீட்டில் ஆளானேன். சோற்றுக்குக் குறையில்லை, துணிக்குக் குறையில்லை. ஆனாலும் அந்த வீட்டில் பசிக்கிறது என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டு வைத்தால் உட்காருவேன், வைக்கும்வரை தின்பதற்கே பிறக்காதவள் மாதிரி நிற்பேன். என் பிள்ளைகள் பசியை அடக்கத் தெரிந்த பிள்ளைகளாக வளரக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது.

"என் பிள்ளைக நான் குடிக்கிற தண்ணியக் குடிக்கும்ணே," என்றேன்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "குடிக்கத் தண்ணி இருந்தாச் சரி. இல்லைன்னு என் காதுல விழுந்துச்சு, தாய்மாமன் நான் வந்து தூக்கிட்டு வந்துருவேன். அப்ப நீ குறுக்கப் பேசக்கூடாது."

"பேசல."

தாய்மாமன் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை. அதை எங்கள் பக்கத்தில் அழிக்க முடியாது.

செல்லத்துக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அடுத்தவன் முருகன், வாய் ஓயாதவன். கடைசி பேச்சி, தவழ்ந்துகொண்டிருந்தாள். எங்களை ஏற்றிப் போனது சூசை அண்ணனின் வத்தை. தீவுக்கு அரிசி, பருப்பு, ஒரு பீப்பாய்த் தண்ணீர், முதலாளியின் சேதி எல்லாம் வாரம் ஒரு தரம் அந்தப் படகில்தான் வரும். நான் அம்மி, குழவி, ஆட்டுரல், முறம், இரண்டு கோழி, மிளகாய் விதை என்று ஒரு வீட்டையே கரையில் இறக்கியதைப் பார்த்துச் சூசை அண்ணன் தலையில் கை வைத்தார்.

"ஏந்தாயி, ஊர்ல எதையாச்சும் விட்டுட்டு வந்தியா, இல்ல கோயிலையும் பேத்துக்கிட்டு வந்துட்டியா? படகு தாங்கணும்ல?"

"ஆட்டுரல மட்டும் விட்டுர்றேன்ணே."

"மகராசி, நல்லாருப்ப."

படகு ஆடிய ஆட்டத்தில் நான் கண்ணைத் திறக்கவே இல்லை. முருகன் கோழியோடு சேர்ந்து வாந்தி எடுத்தான். அய்யா மண்வெட்டியை நட்டுக்க நிறுத்திப் பிடித்துக்கொண்டு, வேல் ஏந்திய சாமி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பயத்தில் விறைத்துப்போய் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இறங்கச் சொன்னபோது கை மண்வெட்டியை விட்டு வரவில்லை.

அரிசியை உலையில் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தால், அது வேகுமுன் தீவைச் சுற்றி வந்துவிடலாம். அவ்வளவுதான் தீவு. கரையில் ஒதுங்கிய பாசி அழுகின வாசம் முதலில் குமட்டியது, ஒரு மாதத்தில் அதுவே வீட்டு வாசமாகிவிட்டது. தென்னை, தாழை, மணலைப் போர்த்திக்கொண்டு அடம்பங்கொடி. கீற்று வேய்ந்த ஒரு குடிசை. குடிசைக்குப் பின்னால், முன்பு இருந்த காவல்காரர் தோண்டின ஒரு சின்னக் கேணி. நானே உள்ளே இறங்கி நின்றால் நெஞ்சு வரைக்கும்தான் வரும். தண்ணீர் கணுக்கால் ஆழம். ஆனால் என்ன தண்ணீர்! கண்ணாடி. நான் கொண்டுபோன தேத்தாங்கொட்டைக்கு வேலையே இல்லை. பழக்கதோஷத்தில் முதல் நாள் பானையில் தேய்த்துவிட்டு, அடியில் ஒன்றும் படியவில்லையே என்று விழித்துக்கொண்டு நின்றேன்.

மீன் சமைக்கவும் தெரியாது எனக்கு. கருவாடுதான் தெரியும். சூசை அண்ணன் கொடுத்த பச்சை மீனைக் கருவாட்டைப் போலவே ஊறப்போட்டுப் பிசைந்து கழுவிச் சாறையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "தாயி, இது எந்த ஊரு அவியல்?" என்று கேட்டார். அடுத்த வாரம் சரியாக வைத்தேன்.

நான் சொல்ல வந்தது கிணறு. மழைக்காலம் முடிந்து பங்குனி வெயில் ஏறியதும் கேணித் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. முன்பு இருந்தவர் ஒற்றை ஆள். நாங்கள் ஐந்து உயிர், அதுபோக இளம் தென்னம்பிள்ளைகளுக்கு ஊற்றவேண்டும். ஒரு நாள் காலையில் தண்ணீர் மணலோடு மணலாய்ப் பதுங்கிவிட்டது. அய்யாவின் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய களை வந்தது. இவ்வளவு நாளும் கடலைப் பார்த்து மிரண்டுகொண்டிருந்த மனுசனுக்குத் தெரிந்த வேலை கிடைத்துவிட்டது. மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"ரெண்டு முழம் எறக்குனாப் போதும் புள்ள. பொங்கிட்டு வரும் பாரு."

பொங்கிக்கொண்டுதான் வந்தது. முழங்கால் அளவு தண்ணீர். நான் குலவை போட்டேன். அந்தத் தீவில் குலவைச் சத்தம் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும், நாரையெல்லாம் எழுந்து பறந்தது. இரண்டு நாள் சந்தோசம். மூன்றாம் நாள் கஞ்சியில் கை வைத்த முருகன் என்னைப் பார்த்தான்.

"ஆத்தா, உப்ப ரெண்டு தடவ போட்டுட்டியா?"

நான் ஒரு தடவைகூடப் போட்டிருக்கவில்லை.

அய்யாவிடம் சொன்னேன். "மேல கெடந்த பழைய உப்பு எறங்கிருக்கும். இன்னும் எறக்கிட்டா நல்ல ஊத்து வந்துரும்," என்றார். எங்கள் ஊரில் அப்படித்தான். மேலே உப்புக் கரிக்கிற சவட்டுத் தண்ணீர் வந்தால் அதைத் தாண்டிக் கீழே போவார்கள். இவர் கீழே போனார். நான் ஓலைக் கடகப்பெட்டியில் மணலை வாங்கிக் கொட்டினேன். பக்கம் சரிந்து விழ, தென்னை மட்டையை வெட்டி அணை கொடுத்து மேலும் போனார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கடலை எடுத்துக் குடத்தில் ஊற்றிய மாதிரி வந்தது.

சூசை அண்ணன் வாரச் சாமானோடு வந்தவர் குழியை எட்டிப் பார்த்தார். உள்ளே இவர் தலை மட்டும் தெரிந்தது.

"என்ன சம்சாரி, இலங்கைக்குக் குறுக்குவழி வெட்டுறீகளா?"

"ஊத்து அடியில இருக்கு. தொட்டுட்டம்னா முடிஞ்சுச்சு."

"அடியில இருக்கிறது கடலுய்யா. சுத்தி என்ன கெடக்குன்னு ஏறிப் பாரும்."

"மீன் பிடிக்கிற ஆளு மீனப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். கெணறு வெட்டுறது எங்க சோலி."

சூசை அண்ணன் என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார். போன மனுசன் சும்மா போகவில்லை. சந்தையில் யாரோ கேட்க, இப்படி இப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அது நடந்து நடந்து என் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் சாமானோடு அண்ணன் சொல்லிவிட்ட சேதியும் வந்தது. வருகிற படகில் நான் வாரேன், பிள்ளைகளின் துணியை எடுத்து வை.

பீப்பாய்த் தண்ணீரை வைத்துத்தான் ஓட்டினோம். விழுந்த இளநீர் கிடைத்தால் உண்டு, மரத்தில் ஏறிப் பறிக்க மாட்டோம், காவல் இருக்கிறவர்கள் நாங்கள். பேச்சிக்கு வயிற்றுக்கு ஆகவில்லை. ஒட்டிய கன்னத்தோடு தோளில் கிடப்பாள். செல்லத்துக்குச் சேதி தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் கொடுத்தால் குடிப்பாள், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டாள். என் சித்தப்பா வீட்டில் நான் எப்படி நின்றேனோ அப்படியே என் குடிசையில் என் மகள் நின்றாள். அதைப் பார்த்தபோது, அண்ணன் வரட்டும், கூட்டிக்கொண்டு போகட்டும் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. துணியை எடுத்து மடித்தும் வைத்துவிட்டேன்.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள். அய்யா வழக்கம்போல் குழிக்குள். நான் கீற்று முடைந்துகொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் உறைத்தது, காலையிலிருந்து மூன்றும் பீப்பாய்ப் பக்கமே வரவில்லை. முருகன்கூட வரவில்லை. அவன் தாகத்தை அடக்குகிற ஆளே இல்லை. கடல் தண்ணீரைக் குடித்துவிட்டார்களோ என்று எழுந்து ஓடினேன்.

தீவின் நடுவில், தென்னைகளுக்குப் பின்னால் மணல் பள்ளமாய்த் தாழ்ந்து ஓர் இடம் உண்டு. அடம்பங்கொடி மண்டிக் கிடக்கும். சத்தம் அங்கிருந்து வந்தது.

"இன்னும் எறக்கு புள்ள! இன்னும் எறக்கு!" இது முருகன். இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு அய்யாவாக ஆடுகிறான்.

"போதும்யா, எனக்குக் கை எட்டல." இது செல்லம். குப்புறப் படுத்து, சிரட்டையைப் பிடித்த கையைக் குழிக்குள் விட்டிருக்கிறாள்.

"சோலியப் பத்தி நீ எனக்குச் சொல்லுறியா? பொம்பள பேச்சக் கேட்டா கெணறு வெட்டுறது?"

"அப்ப நீங்களே எறங்குங்க. நான் கஞ்சி வைக்கப் போறேன்."

என் குரல், என் வெடுக்கு, எல்லாம் அப்படியே. சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்தில் பேச்சி உட்கார்ந்து, ஒரு சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தட்டிப் பறித்தேன். வீறிட்டாள். சிரட்டையில் மிச்சமிருந்ததை நாக்கில் வைத்தேன்.

இனிப்பு. மழைத் தண்ணீர் மாதிரி, ஒன்றும் கலக்காத தண்ணீர்.

"எங்கருந்துடீ?"

"இங்கனதான் ஆத்தா. விளையாட்டுக் கெணறு." செல்லம் அடி விழும் என்று ஒதுங்கினாள்.

அந்தக் குழி அவள் முழங்கை ஆழம். பக்கத்தில் இன்னொரு குழி பறிக்கச் சொன்னேன். மணலுக்குள் வியர்வை மாதிரி கசிந்து வந்து, மெல்ல மெல்ல ஒரு சிரட்டைத் தண்ணீர் சேர்ந்தது. அதுவும் இனிப்பு. பிறகு நான் என் கையை விட்டு, தோள் வரைக்கும் விட்டு, அடியிலிருந்து அள்ளி ருசித்தேன். உப்பு தட்டியது. மறுபடி மேலே, இனிப்பு. அந்த மணலில் உட்கார்ந்தே யோசித்தேன். குழம்பில் எண்ணெய் மேலே மிதக்குமே, அந்த மாதிரி பெய்த மழையெல்லாம் உப்புத் தண்ணீர்மேல் ஏறிப் படுத்திருக்கிறது. நல்லது மேலே இருக்கிறது. நாங்கள் அதைக் கிழித்துக்கொண்டு கீழே கீழே போயிருக்கிறோம்.

ஒரு சிரட்டை நிறைய எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் நீட்டினேன். அய்யா குடித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஏது?"

"உங்க மக வெட்டுன கெணத்துத் தண்ணி."

ஏறி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். குத்தவைத்து உட்கார்ந்து, அவரும் என்னைப் போலவே மேலே ஒரு வாய், அடியில் ஒரு வாய் ருசித்தார். மத்தியானக் கஞ்சியைக் குடித்துவிட்டு, வெட்டிய கிணற்றின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

கிணற்றை அப்படியே விட்டால் சுற்றியிருக்கிற நல்ல தண்ணீரும் அதற்குள் இறங்கிக் கெட்டுப்போகும் என்று அவருக்கே புரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஆனால் கிணற்றை மூடுவது எங்கள் பக்கத்தில் செய்கிற காரியமில்லை. வற்றினாலும் விட்டுவைப்போம், உயிர்ச்சேதம் நடந்தால்தான் மூடுவார்கள். மறுநாள் காலையில் பெட்டியில் மணலை நிரப்பித் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றவர் கொட்டவே இல்லை.

"இந்தாருங்க, எங்கிட்டக் குடுங்க," என்று நான்தான் வாங்கி முதல் பெட்டியைக் கொட்டினேன். அப்புறம் அவரும் கொட்டினார்.

பாதி மூடியிருப்போம். அண்ணன் வந்து இறங்கினார். பிள்ளைகளின் துணிமணி கொண்டுபோகப் புதுசாய் ஒரு கடகப்பெட்டி வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார், வெயிலுக்கும் ஆச்சு. கிணற்றையும் எங்களையும் பார்த்ததும் பெட்டி கையில் இறங்கிவிட்டது.

"அடியேய், கெணத்தவா மூடுறீக? தண்ணி இல்லாத ஊர்லருந்து வந்து கெணத்த மூடுறீகளா? கடக்காத்துப் பட்டு ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சுப்போச்சா?"

"மச்சான், உட்காருங்க," என்றார் இவர்.

"உக்காரல்லாம் வரல. பிள்ளைகளக் கெளப்புங்க. படகு நிக்குது."

குறுக்கே பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பேசவில்லை. செல்லத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவள் ஓடிப்போய்ச் சிரட்டையில் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமா, தண்ணி."

தாகத்தோடு வந்த மனுசன், மடமடவென்று குடித்துவிட்டார். குடித்த பிறகுதான் யோசனை வந்தது. சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பீப்பாத் தண்ணியா?"

"இல்ல மாமா, நான் வெட்டுனது."

"இன்னொன்னு கொண்டா."

அதையும் குடித்தார். எழுந்து பள்ளத்துக்குப் போய், குழி குழியாய்ப் பார்த்துவிட்டு வந்தார். சூசை அண்ணன் படகிலிருந்து, "என்ன, ஆள் ஏறுதா இல்லையா? காத்து மாறுது!" என்று சத்தம் போட்டார்.

"கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு," என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். "எம்புட்டுக் காலத்துக்கு வரும்?"

"ஒரு குழி கலங்குனா இன்னொரு குழி பறிச்சுக்கிருவோம்ணே. மேலாப்புல மட்டும் மோந்துக்கிருவோம்."

அண்ணன் பெட்டியைத் தூக்கினார். மடித்து வைத்த துணி குடிசை வாசலில் இருந்தது. அவர் துணியைத் தாண்டிப் போனார். சட்டையைக் கழற்றித் தாழைமேல் போட்டுவிட்டு, அந்தப் புதுப் பெட்டி நிறைய மணலை அள்ளிக் கிணற்றில் கொட்டினார்.

"படகு போகட்டும், அடுத்த வாரம் போய்க்கிறேன்," என்றார். "இத அரகொறயா விட்டா பிள்ளைக விழுந்துரும்."

அதன் பிறகு பேச்சி வளர்ந்து ஓடித் திரிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தோம். தீவில் எங்களுக்கு ஒரே சட்டம், செல்லத்தின் முழங்கைக்குக் கீழே யாரும் தோண்டக்கூடாது. பிறகு அவள் கை நீண்டுவிட்டது. முருகனின் கையை அளவாக வைத்தோம். அதுவும் நீண்டது. கடைசியில் பேச்சியைத்தான் குப்புறப் படுக்கவைத்து, "கைய விடு தாயி, எட்டுதா? எட்டுன மட்டும் போதும்," என்போம். தென்னம்பிள்ளைகளுக்கும் சிரட்டைக் கணக்கில்தான் ஊற்றினோம். காற்று மாறி ஒதுங்குகிற மீன்பிடிப் படகுக்காரர்கள், "ஆத்தா, ஒரு வாய் தண்ணி," என்று கேட்டு வருவார்கள். முதுகுளத்தூர்க்காரி கையால் கடலுக்குள் நல்ல தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

பிறகு தீவுகளையெல்லாம் பாதுகாப்பில் எடுக்கிறார்கள், ஆள் யாரும் தங்கக்கூடாது என்று வனத்துறை ஆட்கள் வந்து சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கடலுக்குள் இருக்கிற பவளப்பாறைக்கு அதுதான் நல்லதாம். இருக்கட்டும். நாங்கள் அம்மியோடு போய் அம்மியோடு திரும்பினோம். சாயல்குடியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். இப்போது அங்கே யாரும் கால் வைக்க முடியாது. கரையைத் தின்று தின்று கடல் அந்தப் பள்ளம் வரைக்கும் வந்துவிட்டது என்று மீன்காரம்மா ஒருத்தி சொன்னாள். அய்யாவும் போய்விட்டார், என் அண்ணனும் போய்விட்டார். குழி பறித்தது செல்லத்துக்கு நினைவிருக்கிறது. முருகன் வெளிநாட்டில் இருக்கிறான், போனில் கேட்டால் கோழி வாந்தி எடுத்ததைச் சொல்லிச் சிரிப்பான். பேச்சிக்கு அந்தத் தீவே நினைவில் இல்லை. திருப்பூரில் இருக்கிறாள். நிஜமாகவே நாம் அங்கே இருந்தோமா ஆத்தா என்று கேட்கிறாள்.

ஆனால் தீவை அதிக நாள் வைத்திருந்தவள் அவள்தான். அவள் நடை பழகியது மணலில். கரைக்கு வந்து சாயல்குடித் தார் ரோட்டில் இறக்கிவிட்டபோது, ஒவ்வொரு காலையும் முழங்கால் மடங்கத் தூக்கித் தூக்கி வைத்தாள். கால் புதையும், பிடுங்கி எடுக்கவேண்டும் என்று அவள் உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பிள்ளைகள், "ஏ கொக்கு, கொக்கு," என்று கூடவே நடந்து காட்டினார்கள். அழுதுகொண்டு வருவாள். "சரியாப் போயிரும் தாயி," என்று நானும் சொல்லுவேன். காலையில் அவள் போகும்போது வாசலில் நின்றுகொள்வேன். தெரு நிறையப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு போகும், அதில் ஒன்று மட்டும் தார் ரோட்டில் மணலை மிதித்துக்கொண்டு போகும். அது முக்குத் திரும்புகிறவரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

ஒரு நாள் அப்படி நின்று பார்த்தேன். பிள்ளைகள் கூட்டமாய்ப் போனார்கள். முக்கும் திரும்பிவிட்டார்கள். முதுகுப் பக்கமிருந்து அதில் எது பேச்சி என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.